பெட்ரோல் ஒழுகும் கார்புரேட்டரை வீட்டிலேயே சரிசெய்யும் முறை

இரவு நிறுத்திய பைக்கின் அடியில் காலையில் ஈரத்தடம் தெரிந்து, போர்ட்டிகோ முழுக்கப் பெட்ரோல் வாடை அடித்தால், கோளாறு பெரும்பாலும் பெட்ரோலைக் காற்றோடு கலந்து என்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டரில்தான் இருக்கும். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 புகை விதிமுறை நடைமுறைக்கு வந்த பிறகு வெளியான வண்டிகளில் பெரும்பாலானவை ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டன என்றாலும், அதற்கு முன்பு வாங்கிய ஸ்ப்ளெண்டர், பேஷன், பிளாட்டினா, எக்ஸ்.எல்., புல்லட் என்று கார்புரேட்டர் வண்டிகள் இன்றும் தெருவுக்குத் தெரு ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. நான் கைவைத்துப் பழகிய 97.2 சி.சி. ஸ்ப்ளெண்டரை வைத்தே இங்கே விளக்குகிறேன். மற்ற வண்டிகளில் திருகுகளின் இடமும் எண்ணிக்கையும் மாறலாமே ஒழிய, வேலையின் வரிசை மாறாது.

கார்புரேட்டரின் அடியில் இருக்கும் சிறிய கிண்ணத்தை மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியாக நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டி நிறைந்ததும் பந்து மேலே எழும்பிக் குழாயை அடைப்பதைப் போலவே, கிண்ணத்தில் பெட்ரோல் ஏறும்போது மிதவையும் ஏறி, தன் முதுகில் இருக்கும் சிறு நாக்கினால் ஒரு ஊசியை மேலே தள்ளி, பெட்ரோல் வரும் துளையை அடைத்துவிடும். ஊசியின் முனை ரப்பரால் ஆனது. அது போய் உட்காரும் பித்தளைத் துளைக்கு மெக்கானிக்குகள் சீட் என்று சொல்வார்கள். டாங்கி கார்புரேட்டருக்கு 30 சென்டிமீட்டர் மேலே இருக்கிறது என்றும், துளையின் விட்டம் 2 மில்லிமீட்டர் என்றும் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், பெட்ரோல் அந்த ஊசியைக் கீழே அழுத்தும் விசை ஒரு கிராம் எடைக்கும் குறைவுதான். சில கிராம் எடையுள்ள மிதவையால் பெட்ரோலைத் தடுத்து நிறுத்த முடிவது இதனால்தான். ஊசிக்கும் சீட்டுக்கும் நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு துருத் துகள் சிக்கினாலும் அந்தத் தடுப்பு பலிக்காமல் போவதற்கும் அதுவே காரணம்.

ஊசி சரியாக அடைக்காவிட்டால் கிண்ணம் நிறைந்து, உபரி பெட்ரோல் உள்ளே நிற்கும் ஓவர்ஃப்ளோ குழாய் என்ற மெல்லிய பித்தளைக் குழாய் வழியாக இறங்கி, அடியில் தொங்கும் ரப்பர் டியூபின் வழியே தரையில் சொட்டும். அந்த டியூபில் மண்ணோ குளவிக்கூடோ அடைத்திருந்தால் நிலைமை இன்னும் மோசமாகும். வெளியேற வழியில்லாத பெட்ரோல் என்ஜினுக்குள் இறங்கி, பிஸ்டனைத் தாண்டி ஆயிலில் கலந்துவிடும். தரையில் சொட்டுவது கவலைப்பட வேண்டிய விஷயம்தான். சொட்டாமலே டாங்கியில் பெட்ரோல் குறைவது அதைவிடக் கவலைக்குரியது.

சொட்டு எங்கிருந்து வருகிறது?

ஸ்ப்ளெண்டரின் கார்புரேட்டரைக் கழற்ற இருபது நிமிடம் போதும் என்பதால், பலரும் பார்த்தவுடன் ஸ்பேனரை எடுத்துவிடுகிறார்கள். அதற்கு முன் ஐந்து நிமிடம் குத்தவைத்து உட்கார்ந்து பார்ப்பது நல்லது. கார்புரேட்டரின் வெளிப்புறம் முழுவதையும் துணியால் ஈரமில்லாமல் துடைத்து, வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, பெட்ரோல் டேப்பைத் திறந்துவிட்டு, டார்ச் வெளிச்சத்தில் கவனியுங்கள். அடியில் தொங்கும் டியூபின் நுனியில் சொட்டு கட்டினால், ஊசி, சீட், மிதவை, ஓவர்ஃப்ளோ குழாய், கிண்ணத்தைக் காலி செய்ய அதன் அடியில் இருக்கும் வடிகால் திருகு ஆகிய ஐந்தில் ஒன்றில் கோளாறு. கிண்ணமும் உடலும் சேரும் விளிம்பில் ஈரம் கசிந்தால் பேக்கிங் போய்விட்டது. மேலே டேப்பிலிருந்து வரும் டியூபின் இணைப்பில் ஈரம் தெரிந்தால் டியூபின் நுனியை ஒரு சென்டிமீட்டர் வெட்டிவிட்டுப் புதுக் கிளிப் போட்டால் போதும். கார்புரேட்டரைத் தொடவே வேண்டாம். டேப்பின் லீவரைச் சுற்றிக் கசிந்தால் அது டேப்பின் வாஷர் சம்பந்தப்பட்ட தனி வேலை.

எப்போது சொட்டுகிறது என்பதும் துப்புக் கொடுக்கும். சைடு ஸ்டாண்டில் சாய்த்து நிறுத்தும்போது மட்டும் சொட்டி, நிமிர்த்தினால் நின்றுவிட்டால், மிதவையின் மட்டம் சற்று உயரமாக இருக்கிறது அல்லது ஊசி தேய்ந்து விளிம்பில் நிற்கிறது என்று பொருள். கிண்ணத்தின் பக்கவாட்டில் ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் இரண்டு தட்டுத் தட்டியதும் சொட்டு நின்றால், ஊசியில் தூசி சிக்கியிருக்கிறது. இந்தத் தட்டு வைத்தியம் சாலையோரத்தில் வீடு வந்து சேர உதவும். வீட்டுக்கு வந்த பிறகு, டேப் திறந்த நிலையில் வடிகால் திருகை இரண்டு சுற்றுத் தளர்த்தி, அரைத் தம்ளர் பெட்ரோலை ஒரு எவர்சில்வர் பாத்திரத்தில் பாயவிட்டு மூடினால், அந்த ஓட்டத்திலேயே தூசி கழுவப்பட்டு, எதையும் கழற்றாமல் வேலை முடிந்துவிடுவதும் உண்டு. அடுத்த நாளும் சொட்டினால் கழற்றித்தான் ஆக வேண்டும்.

கழற்றுவதற்கு முன்

பெட்ரோலின் ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால், அது மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து, சில அடி தள்ளி எரியும் நெருப்பையும் போய்த் தொட்டுவிடும். ஆகவே இந்த வேலையைச் சமையலறைப் பக்கத்துத் தாழ்வாரத்திலோ, கதவு சாத்திய ஷெட்டிலோ செய்யக் கூடாது. வாசலில் ஏற்றிய விளக்கு, ஊதுபத்தி, கொசுவத்தி, பக்கத்து வீட்டுக்காரரின் பீடி எல்லாமே இந்தக் கணக்கில் சேரும். என்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். ஒரு வாளி மணல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். வடிக்கும் பெட்ரோலைத் தெர்மாகோல் கப்பில் பிடிக்காதீர்கள், அது கரைந்து ஒழுகிவிடும். உலோகப் பாத்திரம் வேண்டும். அந்தப் பாத்திரம் மறுபடியும் சமையலறைக்குள் போகக் கூடாது.

கருவிகள் என்று பெரிதாக ஒன்றும் தேவையில்லை. 10 எம்.எம். ஸ்பேனர், இடுக்கி, தட்டை ஸ்க்ரூடிரைவர், ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், கார்புரேட்டர் கிளீனர் ஸ்ப்ரே, சைக்கிள் பம்ப், காது குடையும் பஞ்சுக்குச்சி, பழைய பனியன் துணி ஆகியவை போதும். ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். கிண்ணத்தின் திருகுகள் ஜப்பானிய அளவில் வெட்டப்பட்டவை. நம்மிடம் இருக்கும் சாதாரண ஸ்டார் முனை அதில் முழுவதும் இறங்காமல் வழுக்கி, தலையை மொட்டையாக்கிவிடும். திருகில் வைத்துக் கைவிட்டால் விழாமல் நிற்கும் முனையாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். இறுகிப் போன திருகாக இருந்தால், ஸ்க்ரூடிரைவரை அதில் பொருத்திப் பின்னால் சுத்தியலால் லேசாக ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் திருப்பினால் பெரும்பாலும் இளகிவிடும்.

புது உதிரிபாகம் வாங்கப் போகும்போது ‘நீடில்’ என்று மட்டும் கேட்டால், ஆக்சிலேட்டரைத் திருகும்போது கார்புரேட்டருக்குள் ஏறி இறங்கும் ஸ்லைடில் தொங்கும் நீண்ட ஊசியை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். ‘ஃப்ளோட் நீடில்’ என்று தெளிவாகக் கேளுங்கள். பழையதைக் கையோடு கொண்டுபோய் நீளத்தையும் பருமனையும் ஒப்பிட்டு வாங்குவது இன்னும் பாதுகாப்பு. அதோடு கிண்ணத்தின் பேக்கிங்கான ரப்பர் வளையத்தையும் (ஓரிங்) வாங்கிக்கொள்ளுங்கள். பெட்ரோலில் ஊறி உப்பிய பழைய ஓரிங் கழற்றிய பிறகு அதன் பள்ளத்தில் மறுபடி உட்காரவே உட்காராது.

கழற்றுதல்

டேப்பை மூடி, வடிகால் திருகைத் திறந்து கிண்ணத்தைக் காலி செய்யுங்கள். டேப் மூடியிருந்தும் ஓட்டம் நிற்கவில்லை என்றால் டேப்பே அடைக்கவில்லை. டாங்கியிலிருக்கும் பெட்ரோலை முழுவதும் கேனில் இறக்கிவிட்டுத்தான் மேலே தொடர வேண்டும். பிறகு பெட்ரோல் டியூபை உருவி, ஏர் ஃபில்டர் பக்கத்து ரப்பரின் கிளிப்பைத் தளர்த்தி, என்ஜின் பக்கத்து இரண்டு போல்ட்டுகளை எடுத்தால் கார்புரேட்டர் கைக்கு வந்துவிடும். அதன் தலையிலுள்ள வட்ட மூடியைக் கையால் திருகினால் ஸ்லைடும் ஸ்பிரிங்கும் ஆக்சிலேட்டர் கேபிளோடு சேர்ந்து மேலே வரும்; அவற்றைக் கேபிளிலிருந்து பிரிக்க வேண்டாம், ஒரு சுத்தமான துணியில் சுற்றி வண்டியிலேயே தொங்கவிடலாம். பக்கவாட்டில் இருக்கும் ஏர் ஸ்க்ரூவுக்கும் இந்தக் கோளாறுக்கும் சம்பந்தமே இல்லை. அதைத் தொட்டால் பிறகு ஐட்லிங் சரிசெய்ய ஒரு மாலைப்பொழுது போய்விடும்.

கிண்ணத்தைத் திறந்ததும் முதலில் அதன் அடியைப் பாருங்கள். செந்நிற மாவு போல் படிந்திருந்தால் டாங்கியின் துரு. வெள்ளைத் தூளாக இருந்தால் தண்ணீர் பட்டு உலோகம் அரித்திருக்கிறது. பச்சையும் பழுப்புமாகப் பிசுபிசுத்தால் மாதக்கணக்கில் ஓடாமல் நின்ற வண்டியின் பழைய பெட்ரோல் காய்ந்திருக்கிறது. இப்போது பெட்ரோல் பங்க்குகளில் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் கிடைக்கிறது. எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும் குணம் உடையது என்பதால், அதிகம் ஓட்டாத வண்டிகளில் இந்த வெள்ளைத் தூளைக் காண்பதில் வியப்பில்லை.

மிதவையைத் தாங்கும் சிறு பின் இரண்டு தூண்களுக்கு நடுவே இருக்கும். அந்தத் தூண்கள் வார்ப்பு உலோகம். ஒன்று ஒடிந்தால் கார்புரேட்டர் முழுவதும் வீண். ஆகவே சுத்தியல் வேண்டாம். மெல்லிய ஆணியின் நுனியால் பின்னை ஒரு பக்கமாகத் தள்ளிப் பாருங்கள், வராவிட்டால் மறுபக்கமிருந்து தள்ளுங்கள். பின் வெளியே வந்ததும் மிதவையை நேராக மேலே தூக்கினால், அதன் நாக்கில் மாட்டிக்கொண்டு ஊசியும் கூடவே வரும்.

ஊசி, சீட், மிதவை

ஊசியின் ரப்பர் முனையை வெளிச்சத்தில் விரல் நுனியில் உருட்டிப் பாருங்கள். நல்ல ஊசியின் கூம்பு வழவழப்பாக ஒரே சரிவாக இருக்கும். தேய்ந்த ஊசியில், சீட் அழுத்திய இடத்தில், மோதிரம் கழற்றிய விரலில் தெரியும் தடத்தைப் போல ஒரு வளையம் பதிந்திருக்கும். நகத்தால் தடவினால் அந்தப் படி தட்டுப்படும். படி தட்டுப்பட்டால் ஊசியை மாற்றத்தான் வேண்டும்; உப்புத்தாளில் தேய்த்துச் சரிசெய்ய முடியாது. ஊசியின் மறுமுனையில் இருக்கும் சிறு ஸ்பிரிங் குமிழை அழுத்தினால் உள்ளே போய்த் தானே வெளியே வர வேண்டும். அது ஒட்டிக்கொண்டாலும் ஊசியை மாற்றுங்கள்.

ஊசியை மாற்றிச் சீட்டை அப்படியே விட்டுவிடுவதுதான் பலரும் செய்யும் தவறு. இந்த வகைக் கார்புரேட்டர்கள் பலவற்றில் சீட் உள்ளே அழுத்திப் பொருத்தப்பட்டது, தனியாகக் கழற்ற வராது. பஞ்சுக்குச்சியின் நுனியில் பித்தளை விளக்கும் பிராஸோவைத் தொட்டு, அந்தத் துளைக்குள் விட்டு, இரு விரல்களுக்கு நடுவே இருபது முப்பது முறை சுழற்றுங்கள். குச்சி கறுத்து வெளியே வரும். புதுக் குச்சியால் மறுபடியும் செய்து, ஸ்ப்ரேயால் கழுவி, பெட்ரோல் நுழையும் பக்கமிருந்து சைக்கிள் பம்பால் காற்றடித்தால் சீட் கண்ணாடி போல் மின்னும். கம்பியோ ஆணியோ சீட்டுக்குள் போகக் கூடாது. ஒரே ஒரு கீறல் விழுந்தாலும் அதன் வழியாகப் பெட்ரோல் வந்துகொண்டே இருக்கும். ஸ்ப்ரே அடிக்கும் முன் ரப்பர் பாகங்களையும் மிதவையையும் தள்ளி வைத்துவிட்டு, கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். ஒரு துளைக்குள் அடிக்கும் ஸ்ப்ரே நாம் எதிர்பாராத இன்னொரு துளை வழியாக முகத்தில் பீய்ச்சும்.

மிதவையைக் காதருகே வைத்து ஆட்டினால், உள்ளே பெட்ரோல் புகுந்திருந்தால் சலசலக்கும். சந்தேகம் தீராவிட்டால் மிதவையை நன்கு உலர்த்தி, அடுப்பங்கரையில் அல்லாமல் வெளியே கொண்டுவந்த சுடுதண்ணீரில் அமுக்கிப் பிடியுங்கள். உள்ளிருக்கும் காற்று சூடாகி விரிந்து, ஓட்டை இருக்கும் இடத்தில் நூல் பிடித்தாற்போல் குமிழி விடும். ஓட்டை விழுந்த பிளாஸ்டிக் மிதவையை ஒட்டவைத்தால் எடை கூடி மட்டம் மாறிவிடும் என்பதால் புதிதாக மாற்றுவதே சரி.

மட்டத்தைச் சரிசெய்கிறேன் என்று மிதவையின் நாக்கை வளைப்பது கடைசியாகச் செய்ய வேண்டிய காரியம். யாரும் கைவைக்காத வண்டியில் நாக்கு தானாக வளையாது. அதற்கு முன்பு ஒழுகாமல் ஓடிய வண்டிதானே அது. முன்பே யாரோ வளைத்திருப்பது தெரிந்தால் மட்டும், கார்புரேட்டரைச் சாய்த்துப் பிடித்து, நாக்கு ஊசியின் குமிழை அழுத்தாமல் தொட்டு நிற்கும் நிலையில், பேக்கிங் பரப்பிலிருந்து மிதவையின் தொலைவை அளந்து, அந்த மாடலின் சர்வீஸ் கையேட்டில் உள்ள அளவோடு ஒப்பிட்டுத் திருத்துங்கள். பிளாஸ்டிக் நாக்கு உள்ள மிதவையை வளைக்கவே முடியாது, முறிந்துவிடும்.

எல்லோரும் விட்டுவிடும் குழாய்

என் வண்டியில் ஒரு முறை ஊசியை இரண்டு தடவை மாற்றி, சீட்டை மெருகேற்றி, மிதவையையும் புதிதாகப் போட்ட பிறகும் சொட்டு நிற்கவில்லை. கார்புரேட்டரையே மாற்றிவிடலாம் என்று ஒரு மெக்கானிக் யோசனை சொன்னார்; நானும் பணத்தை எண்ணிக்கொண்டிருந்தேன். அன்று மாலை டேப்பை மூடிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் ஒன்று உறைத்தது. கிண்ணம் நிரம்பி வழிவதாக இருந்தால் டேப்பை மூடிய சிறிது நேரத்தில் சொட்டு நின்றிருக்க வேண்டும். என் வண்டியிலோ வெகுநேரம் சொட்டி, கிண்ணம் பாதியானதும் நின்றது. பெட்ரோல் குழாயின் உச்சியைத் தாண்டி வழியவில்லை. குழாயின் நடுவிலேயே எங்கோ புகுந்துகொண்டிருந்தது. கிண்ணத்தைக் கழற்றிப் பித்தளைக் குழாயை வெளிச்சத்தில் திருப்பியபோது, தலைமுடி அளவுக்கு நெடுக்குவாட்டில் ஒரு வெடிப்பு தெரிந்தது.

இதைச் சோதிப்பது எளிது. வடிகால் திருகை நன்றாக மூடி, கழற்றிய கிண்ணத்தை உலர்ந்த தட்டின் மேல் உயர்த்திப் பிடித்து, குழாயின் உச்சிக்கு ஒரு நூல் கீழே வரை பெட்ரோல் ஊற்றுங்கள். ஐந்து நிமிடத்தில் அடியில் ஒரு சொட்டும் விழாவிட்டால் குழாய் நன்றாக இருக்கிறது. சொட்டி, ஒரு மட்டத்துக்கு வந்ததும் நின்றால், அந்த மட்டத்தில் வெடிப்பு இருக்கிறது. கிண்ணம் காலியாகும் வரை சொட்டினால், குழாயின் அடிப்பகுதி தளர்ந்திருக்கிறது அல்லது வடிகால் திருகு சரியாக அடைக்கவில்லை. திருகின் ஓரிங்கை மாற்றி மறுபடியும் பார்த்தால் இரண்டில் எது என்று தெரிந்துவிடும்.

வெடித்த குழாயை ஈயப்பற்று வைத்து அடைக்கலாம். ஆனால் கிண்ணத்தைச் சோப்புத் தண்ணீரில் பலமுறை கழுவி, வெயிலில் ஒரு நாள் முழுக்கக் காயவைத்து, பெட்ரோல் வாடையே இல்லை என்று உறுதியான பிறகுதான் சூட்டுக்கோலை அருகில் கொண்டுவர வேண்டும். எனக்கு அதில் கை பழகவில்லை என்பதால் பழைய உதிரிபாகங்கள் விற்கும் சென்னை புதுப்பேட்டையில் ஒரு பழைய கார்புரேட்டரின் கிண்ணத்தை மட்டும் வாங்கிப் போட்டேன். வாங்கும் முன் கடை வாசலிலேயே மேலே சொன்ன சோதனையைச் செய்துகாட்டச் சொன்னதில் கடைக்காரருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

பொருத்துதலும் சோதனையும்

ஊசியை மிதவையின் நாக்கில் மாட்டி, இரண்டையும் சேர்த்து இறக்கி, பின்னைச் செருகுங்கள். கிண்ணத்தை மூடும் முன் ஒரு சோதனை. பெட்ரோல் நுழையும் முனையில் ஒரு சுத்தமான புது டியூபை மாட்டி, கார்புரேட்டரைத் தலைகீழாகப் பிடித்து, ஊசி போடாத ஒரு பெரிய சிரிஞ்சால் மெதுவாகக் காற்றைத் தள்ளுங்கள். மிதவையின் எடையே ஊசியை அழுத்திக்கொண்டிருப்பதால் காற்று போகக் கூடாது. நிமிர்த்தியதும் தாராளமாகப் போக வேண்டும். வாயால் ஊதிப் பார்க்கும் வழக்கம் உண்டு, ஆனால் பெட்ரோல் வாய்க்குள் போகும் என்பதால் அதை விட்டுவிடுங்கள்.

புது ஓரிங்கைப் பள்ளத்தில் முறுக்கில்லாமல் படியவைத்துக் கிண்ணத்தை மூடி, திருகுகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். அலுமினிய உடம்பில் இரும்புத் திருகை முழுப் பலத்தோடு இறுக்கினால் மரை போய்விடும். வண்டியில் பொருத்துவதற்கு முன்பே பெட்ரோல் டியூபை மட்டும் மாட்டி, கார்புரேட்டரை நேராகப் பிடித்து, டேப்பைத் திறந்து பத்து நிமிடம் பாருங்கள். இங்கே சொட்டினால் மறுபடி திறப்பது இரண்டு நிமிட வேலை. முழுவதும் பொருத்திய பிறகு சொட்டினால் எல்லாவற்றையும் திரும்பக் கழற்ற வேண்டியிருக்கும். ஸ்லைடை இறக்கும்போது அதன் பக்கவாட்டுப் பள்ளம் உள்ளிருக்கும் சிறு முளையில் சேர்ந்து முழுவதும் இறங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தப்பாக உட்கார்ந்தால் ஆக்சிலேட்டர் திறந்தபடியே நின்று, ஸ்டார்ட் செய்ததும் என்ஜின் அலறும். ஆக்சிலேட்டரைத் திருகிவிட்டால் ‘டக்’கென்று மூடும் ஓசை கேட்க வேண்டும்.

ஸ்டார்ட் செய்யும் முன் ஆயில் அளவுக் குச்சியை எடுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தாலோ, ஆயில் மட்டம் மேல்கோட்டைத் தாண்டியிருந்தாலோ, ஆயிலை மாற்றாமல் என்ஜினை இயக்கக் கூடாது. பெட்ரோல் கலந்த ஆயில் தண்ணீராக இளகி, உள்பாகங்களைத் தேய்த்துவிடும். பிளக்கைக் கழற்றி, கறுத்து ஈரமாக இருந்தால் துடைத்து உலரவைத்து மாட்டுங்கள். முதல் முறை சோக் போடாமல், ஆக்சிலேட்டரை முழுவதும் திறந்து நான்கைந்து கிக் அடித்தால், உள்ளே தேங்கிய பெட்ரோல் ஆவி வெளியேறி வண்டி கிளம்பிவிடும்.

கிண்ணத்தில் செந்நிறத் துரு இருந்திருந்தால், டாங்கியைக் கவனிக்காமல் விடும் வரை இதே வேலை ஆறு மாதத்துக்கு ஒருமுறை திரும்ப வரும். டேப்பைக் கழற்றி அதன் வலையைக் கழுவி, டாங்கியை அலசி, டியூபின் நடுவே பைக்குக்கான சிறிய ஃபில்டர் ஒன்றை, அதன் மேல் உள்ள அம்புக்குறி கார்புரேட்டரைப் பார்க்கும்படி பொருத்துங்கள். இரண்டு வாரம் ஓட்டிய பிறகு வடிகால் திருகைத் திறந்து, கால் தம்ளர் பெட்ரோலை ஒரு கண்ணாடிப் புட்டியில் பிடித்து வெயிலில் உயர்த்திப் பாருங்கள். அடியில் செந்தூள் தெரிந்தால் டாங்கியின் துரு இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது. அதை மறுபடியும் அலச வேண்டும்.